ஏழாம் எண் அறைக்கு நன்றி

பன்னாட்டு விவகார ஆய்வு நிறுவனத்தில் நன்றியுரை என்பது சமோசாவுக்கு முன்னால் நிற்கும் கடைசித் தடை. இருபத்தேழு வருடங்களாக அந்தத் தடைக்கு அருமைநாயகம் என்று பெயர்.

"நிறைவாக, நமது நிறுவனத்தின் ஆய்வு அலுவலர் திரு. அருமைநாயகம் நன்றி நவில்வார்" என்ற வாக்கியம் முடிவதற்குள் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். அவர் மைக்கைத் தன் உயரத்துக்குத் தாழ்த்தும்போது முன்வரிசை எழுந்திருக்கும். "அனைவருக்கும்" என்று அவர் ஆரம்பிக்கும்போது அந்த அனைவரும் தட்டோடு வரிசையில் நிற்பார்கள். காலி நாற்காலிகளுக்கும், வயரைச் சுருட்டிக்கொண்டிருக்கும் மைக்செட்காரருக்கும் அவர் மனமார நன்றி சொல்வார்.

இதில் அவருக்கு வருத்தம் ஏதுமில்லை. தெற்கத்தி நாசரேத் ஊரில் பிறந்து வளர்ந்த மனிதர். வாங்கியதற்கு நன்றி சொல்லாமல் எழுந்து போவது அவர் வீட்டில் எச்சில் கையோடு எழுந்து போவதற்குச் சமம். ஒவ்வொரு கருத்தரங்கின்போதும் கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு கட்டடம் முழுக்க நடப்பார். பூ வாங்கி வந்தது யார், புரொஜெக்டர் பல்பை மாற்றியது யார், விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது யார் என்று கேட்டுக் கேட்டு எழுதுவார். "ஒரு பேரு விட்டுப்போனாலும் மனத்தாங்கல்லா" என்பார். ஆனால் அந்தப் பெயர்களில் பெரும்பாலானவை மேடை ஏறாது. இயக்குநர் அங்கீகரித்த பட்டியல் ஒன்று உண்டு. அமைச்சர், தூதர், துணைவேந்தர், இயக்குநர், மீண்டும் ஒருமுறை இயக்குநர் என்று அது போகும்.

இயக்குநர் டாக்டர் வாகீசன், எழுபது வயது, மூன்றாவது பணி நீட்டிப்பு. கடற்கரையைப் பார்த்த அந்தக் கட்டடத்தின் முன்னால் நூற்றுத் தொண்ணூறு நாட்டுக் கொடிகளை நட்டு வைத்தவர் அவர்தான். அதில் இரண்டு நாடுகள் இப்போது உலகத்திலேயே இல்லை. கொடிகளை இறக்குவது பற்றிய கோப்பு பதினொரு வருடமாக ஒரு துணைக்குழுவின் பரிசீலனையில் இருக்கிறது. வாகீசனின் வாழ்நாள் சாதனை 'அரைப்பிறைத் திட்டு: ஒரு முழுமையான நோக்கு' என்ற பதினான்கு தொகுதிகள். அரைப்பிறைத் திட்டு என்பது இந்தியப் பெருங்கடலில் மரூவா, தெனூபா என்ற இரண்டு குட்டித் தீவு நாடுகளுக்கு நடுவே, கடல் வற்றும்போது மட்டும் ஆறு மணி நேரம் தலைகாட்டும் ஒரு மணல்மேடு. இருவரும் அது தங்களுடையது என்கிறார்கள். மேட்டின் நீளம் முந்நூறு மீட்டர். தொகுதிகளை வரிசையாக அடுக்கினால் அதற்கு அவ்வளவாகக் குறையாது.

இப்படி இருந்த நிறுவனத்துக்கு 2061 ஜூன் மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. 'கடந்த நாற்பத்திரண்டு ஆண்டுகளில் உங்களால் உலகில் மாறியது என்ன? விளைவுமானி வழியாக நிரூபிக்கவும். மாற்றம் எதுவும் இல்லையெனில் கட்டடம் ஓட்டல் மேலாண்மைத் துறைக்கு ஒப்படைக்கப்படும்.'

மறுநாளே ஓட்டல் மேலாண்மைத் துறைத் தலைவி டேப்போடு வந்து நூலகத்தை அளந்தார். "தந்தூரி அடுப்பு எங்க வைக்கலாம்னு சும்மா பார்த்தேன் சார்" என்றார். அவர் கை காட்டிய இடத்தில்தான் பதினான்கு தொகுதிகளும் இருந்தன.

*

விளைவுமானியைக் கொண்டுவந்தவள் பொறியியல் துறை நஸ்ரீன். பெட்டி என்னவோ தையல் மிஷின் அளவுதான். சுவரில் உலக வரைபடம் ஒன்றை இருட்டாக விரித்தாள். இயக்குநர் அறையில் மூன்றே பேர்: வாகீசன், அருமைநாயகம், அவள்.

"ஒருத்தர் சொன்ன வார்த்தையால இன்னொருத்தர் பண்ண இருந்ததை மாத்திப் பண்ணாரா? அது ஒண்ணுதான் சார் இது கேக்குற கேள்வி" என்றாள் நஸ்ரீன். "உலகத்துல எந்தெந்தக் கோப்பு, கடுதாசி, டைரி, கப்பல் பதிவேடு எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ள போயிருக்கோ, அத்தனையையும் இது படிச்சிருக்கு. உங்க வாக்கியத்தைக் குடுத்தா, அது யார் மனசுல போய் விழுந்து என்ன ஆச்சுன்னு தேடும். கிடைச்சா வரைபடத்துல பச்சையா ஒரு நூல் ஓடும்."

"அடுத்தவன் டைரியெல்லாம் படிக்கலாமாம்மா?" என்றார் அருமைநாயகம்.

"இது படிக்கலாம் சார். நாம நூல் ஓடின இடத்தை மட்டும்தான் பார்க்கலாம், அதுவும் இந்த அறைக்குள்ளேயே. ஆனா ஒரு நூலை அறிக்கையில சேர்த்துட்டா, ஆதாரம் முழுக்கப் பேரோட வெளிய வந்துடும். அன்னிக்கே இணையத்துல போட்டுருவாங்க. அதனாலதான், அந்த வார்த்தையைச் சொன்னவங்க கையெழுத்துப் போட்டாத்தான் சேர்ப்போம். சொன்னவருக்கு வேணாம்னா அழிச்சிடணும். விதி."

"எனக்கு ஆட்சேபமே இல்லை" என்றார் வாகீசன். தன் நூல், கட்டுரை, உரை அத்தனைக்கும் ஒப்புதல் படிவங்களில் முதல் நாளே பச்சை மசியில் கையெழுத்திட்டு முடித்திருந்தார். "தொகுதி ஒண்ணுலேருந்து ஆரம்பி. பெட்டி சூடாயிடப் போகுது, பார்த்து."

முதல் தொகுதி உள்ளே போனது. வரைபடம் இருட்டாக இருந்தது. ஏழு போனது. பதினான்கும் போயிற்று. கடலும் இருட்டு, நிலமும் இருட்டு.

"ஒயரைச் சரியா மாட்டினியாம்மா?"

நஸ்ரீன் வெளியே போய், மாடிப்படி ஓரம் ஒட்டியிருந்த ஒரு தாளைப் படம் பிடித்து வந்து கொடுத்தாள். 'லிஃப்ட் பழுது. படியைப் பயன்படுத்தவும்.' சென்னை இருந்த இடத்தில் பச்சை பொங்கிக்கொண்டு வந்தது. நாலாயிரத்து இருநூற்றுச் சொச்சம் நூல்கள். அந்த ஒரு வரியால் அத்தனை பேர் செய்ய இருந்ததை மாற்றி, படியேறியிருந்தார்கள்.

வாகீசன் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார்.

நிறுவனத்தின் ஆயிரத்து முந்நூற்று எண்பத்தாறு கட்டுரைகளையும் போட்டார்கள். மாலை நான்கு மணிக்கு நஸ்ரீன் கண்ணைத் தேய்த்துக்கொண்டு, "வேற ஏதாவது மிச்சம் இருக்கா சார்?" என்றாள்.

"நன்றியுரை ஒலிப்பதிவுங்க கொஞ்சம் இருக்கு" என்றார் அருமைநாயகம், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

"அதெல்லாம் எதுக்குய்யா" என்றார் வாகீசன்.

நஸ்ரீன் அதற்குள் போட்டுவிட்டாள். சென்னையிலிருந்து ஒரே ஒரு பச்சை நூல் கிளம்பி, அவசரமில்லாமல் தெற்கே இறங்கி, இந்தியப் பெருங்கடலின் நடுவில் ஒரு புள்ளியில் போய் நின்றது. அரைப்பிறைத் திட்டு.

"என் தலைமையுரை அதுல சேர்ந்து பதிவாயிருக்கும்" என்று வாகீசன் பாதி எழுந்தார்.

"இல்ல சார். நன்றியுரைதான். நாலாவது நிமிஷம்." அவள் பொத்தானை அழுத்தினாள்.

பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய தன் குரலைக் கேட்டதும் அருமைநாயகத்தின் காது சிவந்தது. எந்த நாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் அலுவலக வாழ்க்கையின் மிகப் பெரிய அவமானம் அது.

அரைப்பிறைத் திட்டு பற்றிய இரண்டு நாள் கருத்தரங்கு. இரு நாட்டுத் தூதர்களும் மேடையில். நன்றி சொல்ல எழுந்தால், மேடையில் தன் இடத்தில் வைத்திருந்த பட்டியலைக் காணோம். மாலையை எடுத்து வர ஒரு நிமிடம் உள்ளே போய்த் திரும்பியிருந்தார், அவ்வளவுதான். சட்டைப் பையில் கைவிட்டால் விருந்தினர் விடுதியின் அறை ஒதுக்கீட்டுத் தாள் மட்டும் வந்தது. அதைப் பிரித்து, அறை வரிசைப்படி நன்றி சொல்லத் தொடங்கிவிட்டார். நோட்டில் எழுதியிருந்ததெல்லாம் வாயில் தானாக வந்தது. தூதர்கள் தங்கியது பதினாறு, பதினேழாம் எண் அறைகளில். அவர்கள் முறை வருவதற்கு முன்னால்...

"ஏழாம் எண் அறை" என்றது பதிவிலிருந்த குரல். "இடப் பற்றாக்குறையால் இரு நாட்டு இளம் அலுவலர்களை நாங்கள் ஒரே அறையில் தங்கவைத்த தவறுக்கு மன்னிப்பு. அந்த அறையில் காய்ச்சலில் கிடந்த தெனூபா நாட்டுத் திரு. தமேலுவின் அருகில், இன்றைய தலைமையுரைக்குக்கூட வராமல் உட்கார்ந்து, நெற்றியில் ஈரத்துணி மாற்றி, கஞ்சி ஊட்டிய மரூவா கடற்படை லெப்டினன்ட் ஒசாரி அவர்கள் ஒரு நல்ல மனிதர். அவருக்கு எங்கள் நன்றி. இதை எங்களிடம் சொன்ன விடுதிப் பொறுப்பாளர் பரிமளத்துக்கும் நன்றி."

தூதருக்கு முன்னால் ஈரத்துணியை வைத்ததற்காக மறுநாளே மெமோ வந்தது. அதன்பிறகு நன்றியுரைப் பட்டியலை லேமினேட் செய்து, மேடையோடு சேர்த்து நூலால் கட்டிவைத்தார்கள்.

"இதனால என்னம்மா ஆச்சு?" என்றார் வாகீசன்.

நஸ்ரீன் திரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "மூணு வருஷத்துக்கு முன்னால, திட்டுக்குப் பக்கத்துல தெனூபாவோட ஆய்வுப் படகு ஒண்ணு போச்சே? மரூவா போர்க்கப்பலுக்குச் சுடச் சொல்லி உத்தரவு வந்துச்சு. பீரங்கி ஜாம் ஆயிடுச்சுன்னு கப்பல்லேருந்து பதில் போச்சு. படகு தப்பிச்சுது. அதுல நாப்பத்தோரு பேர். அதுக்கப்புறம்தான் ரெண்டு பேரும் பேச்சுவார்த்தைக்கே வந்தாங்க."

"தெரியுமே! எண்பது பக்கம் எழுதியிருக்கேன். என்னோட 'சமநிலை அச்சக் கோட்பாடு'க்கு அதுதானே சாட்சி!"

"பீரங்கி ஜாம் ஆகல சார். பழுதுபார்ப்புப் பதிவேட்டுல அன்னிக்கு ஒரு வேலையும் இல்ல. அன்னிக்கு அந்தக் கப்பலை நடத்தினவர் அதே ஒசாரி. அவர் தன் அக்காவுக்கு எழுதின கடுதாசி ஒண்ணு இருக்கு." அவள் படித்தாள். "'அன்றைக்கு அந்த ஊரில் பெயர் தெரியாத ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் என்னை நல்ல மனிதன் என்று சொல்லிவிட்டார். பாதிப் பேர் தின்பதற்குக் கிளம்பிவிட்டார்கள். அப்போதுதான் உள்ளே வந்த நான் கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு வேறு மாதிரி நடந்துகொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது, அக்கா. இன்று ஒரு பொய் சொன்னேன். நன்றாகத் தூக்கம் வரும் போலிருக்கிறது.'"

அருமைநாயகம் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே கொடிகள் படபடப்பது கேட்டது. இல்லாத நாடுகளின் கொடிகளும் சேர்ந்துதான் படபடத்தன.

"அவரு இப்ப எங்க இருக்காரும்மா?"

"இன்னும் பணியிலதான் இருக்கார் சார். கமாண்டர்." அவள் குரல் தாழ்ந்தது. "போர் உத்தரவை மீறிட்டுப் பொய் சொன்னா, அந்த நாட்டுச் சட்டத்துல தூக்கு. அந்தப் பதிவேடு ஒரு இடத்துல கிடக்கு, கடுதாசி ஒரு இடத்துல கிடக்கு. தனித்தனியா யார் பார்த்தாலும் ஒண்ணும் தெரியாது. நாம சேர்த்து வச்சோம்னா..."

வாகீசனுக்கு அந்தக் கடைசி வாக்கியம் காதில் விழவில்லை. முதல் பத்து நொடி, பதினான்கு தொகுதிகளை ஓர் ஈரத்துணி தோற்கடித்த துக்கம் அவர் முகத்தில் ஓடியது. பதினோராவது நொடியில் அவர் அதைக் கடந்துவிட்டார். பேனா வெளியே வந்தது.

"நன்றியுரை ராஜதந்திரம்" என்றார். "எழுதிக்கய்யா. இந்த நிறுவனம், என் தலைமையில், நாற்பது வருடமாக ஓசையில்லாமல் வளர்த்தெடுத்த கோட்பாடு. நாப்பத்தோரு உயிர்! ஒரு யுத்தம்! ஓட்டல்காரங்க அடுப்பை அவங்க தலையில வச்சுக்கட்டும். கையெழுத்தைப் போடு அருமை."

"ஒரு நாள் யோசிக்கட்டுமா சார்?"

"யோசிக்கிறதுக்கு நான் இருக்கேன்ய்யா."

"இருந்தாலும் சார்" என்று சொல்லிப் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார் அருமைநாயகம்.

*

வீட்டில் மனைவி கிரேஸ் புஷ்பம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் ஒன்றையும் விடாமல் சொன்னார். ஏதோ ஒரு கடலில் நாற்பத்தோரு பேர் வீடு திரும்பியிருக்கிறார்கள். அதில் தன் வாயிலிருந்து போன ஒரு சொல்லும் இருந்திருக்கிறது. இருபத்தேழு வருடமாகக் காலி நாற்காலியிடம் பேசியதாக நினைத்துக்கொண்டிருந்தவர் அவர்.

"கர்த்தர் பெரியவரு" என்றாள் கிரேஸ். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, இப்ப எதுக்கு முழிச்சிக்கிட்டு நிக்கிய?" என்று கேட்டாள்.

"கையெழுத்துப் போட்டா நிறுவனம் நிக்கும். போடாட்டா நாப்பத்திரண்டு வருஷமும் பூஜ்யம்னு எழுதிருவாங்க. அங்க இருபது பேரு வேலை பாக்காங்க. பரிமளம் இருக்கு."

"ஓட்டல் படிப்புக்காரங்க வந்தா விடுதியை மூடிருவாகளாக்கும்? பரிமளத்துக்கு வேலை கூடத்தான் செய்யும். மத்தவுகளை வேற துறைக்கு மாத்துவாக. அந்த மனுசனை எந்தத் துறைக்கு மாத்துவாக? அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கும்லா?" அவள் காம்பை ஒடித்தாள். "நீங்க அவருக்கு நன்றி சொன்னியளா, இல்லையா? நன்றி சொல்லிட்டு அவரு கழுத்துல கயித்தப் போட்டா, அதுக்குப் பேரு என்ன?"

அருமைநாயகம் உட்கார்ந்து தானும் கீரை ஆயத் தொடங்கினார்.

காலையில் இயக்குநர் மேசையில் இரண்டு தாள்களை வைத்தார். ஒன்று, கையெழுத்தில்லாத படிவம். இன்னொன்று, பழைய மெமோ. 'நன்றி கூறும் வரிசையில் தாங்கள் இழைத்த பெரும்பிழைக்கு விளக்கம் தருக.'

"இதுக்கு நான் இன்னும் பதில் குடுக்கலை சார். இப்பச் சொல்லுதேன். பிழைதான். ஆனா அந்தப் பிழையை நம்பி ஒரு மனுசன் அங்க நல்லவரா இருந்துட்டாரு. அவரைத் தூக்குக்கு நான் காட்டிக் குடுக்க மாட்டேன்."

வாகீசன் எழுந்தார். நிறுவனத்தின் பாரம்பரியம் என்றார், வரலாறு என்றார், ஆசியா என்றார். நாற்பது நிமிடம் பேசினார். அருமைநாயகம் நின்றுகொண்டே கேட்டார். கடைசியில் வாகீசனுக்கே மூச்சு வாங்கி, உட்கார்ந்து, ராத்திரியே எழுதிவைத்திருந்த பத்திரிகைக் குறிப்பைப் பார்த்தார். தன் பெயர் அதில் ஒன்பது இடங்களில் இருந்தது. ஒசாரி என்ற பெயர் ஓர் இடத்தில்.

"வயசு என்ன இருக்கும் அந்தப் பையனுக்கு?"

"நாப்பதை ஒட்டி இருக்கும் சார்."

"என் உரைக்கு வராம கஞ்சி ஊட்டப் போயிட்டான்" என்றார் வாகீசன். குரலில் பழைய முறுக்கு இல்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்: "அருமை, உண்மையைச் சொல்லு. பதினாலு தொகுதியையும் ஒருத்தருமே படிக்கலையா?"

"நான் படிச்சேனே சார். புரூஃப் பார்த்ததே நான்தான்."

"படிச்சதுல உனக்கு ஏதாவது மாறிச்சா?"

அருமைநாயகம் நேர்மையாக யோசித்தார். "பொறுமை கூடிச்சு சார்."

வாகீசன் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு தொந்தி குலுங்கச் சிரித்தார். பதினைந்து வருடத்தில் அந்த அறையில் அவர் தன்னைப் பற்றிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. சிரித்து முடித்து, பத்திரிகைக் குறிப்பை நான்காகக் கிழித்தார்.

*

மதிப்பீட்டுக் குழு ஆகஸ்டில் வந்தது. தலைவி பேராசிரியை குந்தவி தொடக்கத்திலேயே, "டாக்டர் வாகீசன், சுருக்கமாகச் சொல்லணும்" என்று கெஞ்சினார். குழுவினர் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டார். அருமைநாயகம் தண்ணீர் பாட்டில்களை எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

வாகீசன் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"பூஜ்யம், மேடம்" என்று சொல்லி உட்கார்ந்தார்.

செருப்பைக் கழற்றியவர் அவசரமாகத் தேடி மாட்டிக்கொண்டார்.

"ஒண்ணுமே இல்லையா?" என்றார் குந்தவி. "எங்களுக்கு வந்த பட்டியல்ல, ஒரு நூல் ஒப்புதல் இல்லாததால நீக்கம்னு குறிச்சிருக்கே?"

"இருக்கலாம். அதைப் பத்திச் சொல்ல எங்ககிட்ட ஒண்ணும் இல்லை." அவர் அருமைநாயகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. பச்சைப் பேனாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார். அந்த நிமிடத்தில், இத்தனை வருடம் இயக்குநர் பெயரைப் பட்டியலில் இரண்டு முறை வாசித்ததெல்லாம் வீணில்லை என்று அருமைநாயகத்துக்குத் தோன்றியது.

கட்டடம் போயிற்று. கிரேஸ் சொன்னபடியே ஆட்களை வேறு துறைகளுக்கு மாற்றினார்கள். பரிமளத்துக்கு இரண்டு உதவியாளர்கள் கிடைத்தார்கள்.

அருமைநாயகம் தன் நோட்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது நஸ்ரீன் வந்தாள்.

"அந்த நூலை இன்னிக்கு அழிக்கணும் சார். அழிக்கிறதுக்கு முன்னால, வால் பக்கமா இழுத்துப் பார்த்தேன், சும்மா. நீங்க ஏன் அன்னிக்கு அறைத் தாளைப் படிச்சீங்கன்னு."

"பட்டியல் தொலைஞ்சு போச்சும்மா. என் கவனக்குறைவு."

"தொலையல" என்று சொல்லி அவள் ஒரு வீடியோவைக் காட்டினாள். அதே கருத்தரங்கு. வாகீசன் பேசிக்கொண்டிருக்கிறார். 'நேரம் முடிந்தது' என்ற துண்டுச் சீட்டு நாலாவது தடவையாக அவரிடம் போகிறது. அவர் அதை மடித்துக் கண்ணாடி துடைக்கிறார். அருமைநாயகம் மாலை எடுக்க உள்ளே போகிறார். வாகீசனுக்கு இன்னும் ஏதோ தோன்றிவிடுகிறது, மறந்துபோவதற்குள் எழுதத் தாள் இல்லை, கை நீள்கிறது. பக்கத்து நாற்காலியில் இருந்த பட்டியலை எடுத்துத் திருப்பிப் போட்டு மளமளவென்று எழுதி, "மேலும் ஏழு கருத்துகள்" என்று அறிவிக்கிறார். ஏழையும் சொல்லி முடித்து, தாளைத் தன் கோப்பில் வைத்துக்கொண்டு போய் உட்காருகிறார்.

அருமைநாயகம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. "அப்போ அந்த நாப்பத்தோரு பேரையும்..."

"ஆமா சார். அவர் நேரத்தோட முடிச்சிருந்தா அவ்வளவுதான்." நஸ்ரீன் பொத்தான்மேல் விரலை வைத்தாள். "அழிச்சிடவா?"

"அழிச்சிரும்மா."

கடலின் நடுவிலிருந்து அந்தப் பச்சை நூல் மெல்லச் சுருங்கி, சென்னைக்கு வந்து, அணைந்தது. மரூவாவில் ஒரு மனிதர், தனக்கு என்ன நடக்க இருந்தது என்று தெரியாமலே, அன்று மாலையும் வீட்டுக்குப் போயிருப்பார்.

*

கடைசி விழாவுக்கு மேடையில் பட்டியல் கட்டப்படவில்லை. அருமைநாயகம் மைக்கைத் தாழ்த்தினார். சமோசா வாசனை இந்த முறை பலமாகவே இருந்தது. ஓட்டல் மேலாண்மைத் துறையின் கைவண்ணம். நாற்காலிகள் நகர்ந்தன. அவர் பரிமளத்துக்கு நன்றி சொன்னார். இத்தனை வருடமாகக் கொடிகளைத் துவைத்துப் போட்ட சலவைக்காரருக்கு, படியேறிய நாலாயிரம் பேருக்கு, நஸ்ரீனுக்கு, கீரை ஆய்ந்துகொண்டே தனக்கு வழி சொன்ன மனைவிக்குச் சொன்னார்.

"நிறைவாக நம் இயக்குநர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில், நான்கு முறை நேரம் முடிந்த பிறகும் அவர் நிறுத்தாமல் பேசினார். மேலும் ஏழு கருத்துகளைச் சொன்னார். அதை எழுத என் தாளை எடுத்துக்கொண்டார். அதற்காக அவருக்கு என் மனமார்ந்த, என் வாழ்நாள் நன்றி."

அரங்கம் வெடித்துச் சிரித்தது. போகிற போக்கில் நன்றாக வாரிவிட்டார் என்று வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். வாகீசனின் முகம் கறுத்தது. அவர் எழுந்து, யாரையும் பார்க்காமல் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியேறினார்.

அருமைநாயகம் மைக்கைப் பிடித்தபடி அந்தக் கதவையே பார்த்தார். விளக்கிச் சொல்ல முடியாத நன்றியை மைக்கில் சொல்லியிருக்கக் கூடாதோ? எப்படியோ முடித்து இறங்கினார். சமோசா இறங்கவில்லை.

கால் மணி நேரம் கழித்து வாகீசன் திரும்பி வந்தார். காரில் ஏற்றிவிட்டிருந்த பெட்டிகளைக் கலைத்துப் போட்டிருக்க வேண்டும், கோட்டெல்லாம் தூசி. கையில் பழுப்பேறிய ஒரு தாள். தான் பேசிய குறிப்பு ஒன்றைக்கூட அவர் தூக்கிப் போட்டதில்லை.

ஒரு பக்கம் அருமைநாயகத்தின் கையெழுத்து: அமைச்சர், தூதர், துணைவேந்தர், இயக்குநர், மீண்டும் இயக்குநர். மறுபக்கம் பச்சை மசி.

"உன் தாள்" என்றார் வாகீசன். "என்கிட்டயே இருந்திருக்கு. அன்னிக்கு மெமோவும் நானே குடுத்திருக்கேன்."

"இருக்கட்டும் சார். நல்லதுக்குத்தானே."

"நல்லதுக்குத்தான்" என்று அவர் திருப்பிச் சொன்னார். அந்தச் சொல்லை வாயில் வைத்துச் சுவைத்துப் பார்ப்பது போலிருந்தது. தாளைத் திருப்பினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "அருமை, அந்த ஏழு கருத்தும் என்னன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?"

"இல்லையே சார்."

"அப்படின்னா கேளு. முதலாவது..."

சுற்றியிருந்தவர்கள் தட்டோடு ஓரடி பின்வாங்கினார்கள். அருமைநாயகம் சமோசாவைக் கீழே வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, ஏழையும் முழுமனத்தோடு கேட்டார். ஐந்தாவது வருவதற்குள் சமோசா ஆறிப்போயிருந்தது.